கண்ணாடி உடையாத வீடு

எனக்குப் பயம் அதிகம். பல்லி, பாம்பு பயமெல்லாம் கிடையாது. மீன்காரியின் மகள் நான். பள்ளிக்கூடம் போகும் முன்னால் ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டு வஞ்சிரத்தை உருவி எடுத்துக் கொடுத்தவள். ஆனால் காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தால் போதும், ஈரக்குலை நடுங்கிவிடும். அப்படிப்பட்டவள் போயும் போயும் தரை எவ்வளவு அதிரும் என்று கணக்குப் போடுகிற வேலையில் சேர்ந்தேன். நீச்சல் தெரியாதவன் படகில் வேலைக்குப் போன கதைதான் என் கதை.

எங்கள் வீடு காசிமேட்டுக்குப் பக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த மூன்று மாடி பிளாக்கில் மேல்மாடியில் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப்போட ஒரு கையகல இடம். ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் சாலை, இன்னொரு பக்கம் சற்றுத் தள்ளிச் சரக்கு ரயில் பாதை. கண்டெய்னர் லாரி போனால் பரணில் இருக்கும் அலுமினியப் பாத்திரங்கள் கிலுகிலுவென்று பேசும். சரக்கு ரயில் போனால் குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக வரும். அம்மாவுக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. அப்பா லாஞ்சில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாமல் போன பிறகு, அந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான்.

என் பயத்துக்கு ஆரம்பம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடல் பொங்கி வந்த அந்த டிசம்பர் காலையில் எங்களுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர் இல்லை, ஆட்டம். பாய் லேசாக ஆடியது, பாத்திரங்கள் பேசின. லாரிதான் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அம்மா கடற்கரையில் மீன் ஏலத்துக்குப் போயிருந்தாள். வெயில் ஏறிய பிறகு கடல் வந்தது. அம்மா ஐஸ் பெட்டிகளின் மேல் ஏறி நின்று தப்பித்தாள். அவள் தலைவிரி கோலமாக வீட்டுக்கு வந்து நின்றபோது நான் நினைத்தது ஒன்றுதான்: தரை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது, நான்தான் லாரி என்று புரண்டு படுத்தேன். அதற்குப் பிறகு எந்த லாரியும் எனக்கு வெறும் லாரியாகத் தெரியவில்லை.

படிப்பு முடித்துக் கிண்டியில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவேன். பூமிக்கு அடியில் ரயில் விடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு அடிபட்ட காலம் அது. எந்த வழியாக என்று முடிவாகவில்லை. வடசென்னையில் சில வழிகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் சுரங்கத்தில் ரயில் ஓடினால் மேலே இருக்கும் வீடுகள் எவ்வளவு அதிரும் என்று கேட்டிருந்தார்கள். வரைபடத்தை மேசைமேல் விரித்தபோது அதில் ஒரு கோடு எங்கள் பிளாக்கின் ஓரமாகவே போனது. மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், கோபமே வராது.

"ரொம்ப நல்லதாப் போச்சும்மா," என்றார். "அங்க நம்ம ஆளுங்களை வீட்டுக்குள்ள விடமாட்டேங்கறாங்க. உங்களைப் பார்த்தா விடுவாங்க."

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

கணக்கு இதுதான். ரயில் ஓடும்போது சுரங்கத்தின் சுவர் அதிரும், அது மண்ணுக்குள் பரவி மேலே வரும். மண் காய்ந்திருந்தால் வேலை சுலபம். எங்கள் பக்கத்து மண் கடல் மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மழைக்காலத்தில் தோண்டவே வேண்டாம். அப்படித் தண்ணீர் நிறைந்த மண்ணில் மணலும் தண்ணீரும் சேர்ந்தே ஆடும், ஆனால் ஒரே மாதிரி ஆடாது. மணலுக்கு ஒரு சமன்பாடு, தண்ணீருக்கு ஒரு சமன்பாடு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதுசில் புருஷனும் பெண்டாட்டியும் மாதிரி என்று மேலாளர் சிரிப்பார். பெரும்பாலானவர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று மண்ணை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவார்கள். நான் இரண்டு விதமாகவும் போட்டேன்.

ரயில் இன்னும் வரவே இல்லை, கணக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது? ஏற்கெனவே ஓடுகிற சரக்கு ரயிலையும் லாரிகளையும் வைத்துத்தான். அடியில் ஆணி வைத்த சின்ன டப்பா போன்ற கருவியைப் பிளாக்கைச் சுற்றி மண்ணில் குத்தி வைத்தோம். லாரி போகும்போதெல்லாம் தரை எவ்வளவு ஆடியது என்று அது பதிந்துகொள்ளும். வீடுகளுக்குள் வேறொரு வேலை. பிளாக்கில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சுவர்களில், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு வருவோம். விரிசல் துளி பெரிதானாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், யார் பார்த்தாலும் தெரியும். அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் பின்னால் வினையாயிற்று.

கண்ணாடி ஒட்டிய அன்று பிளாக்கே படிக்கட்டில் கூடிவிட்டது. கீழ் வீட்டு அக்காதான் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டாள். தண்ணி லாரி வரவில்லை என்றாலும், கரண்ட் போனாலும் பிளாக்கின் சார்பில் சண்டைக்குப் போவது அவள்தான்.

"இன்னாத்துக்குடி கண்ணாடி ஒட்டறானுங்க?"

"விரிசல் பெரிசாவுதான்னு பாக்கறதுக்குக்கா."

"ஒடைஞ்சா இன்னா ஆவும்? வூட்ட காலி பண்ண சொல்வானுங்களா?"

"தெரியலக்கா," என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக என்ன பொய் சொல்லியிருந்தாலும் அவள் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பாள். காலி செய்யச் சொன்னால் எங்கே அனுப்புவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஊரின் தென்கோடிக்கு. கடலும் இல்லாமல் ஏலமும் இல்லாமல், பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போகும் இடத்துக்கு.

மழை தொடங்கியது. என் கணக்கில் நிலத்தடி நீரை மேலே ஏற்ற ஏற்ற, திரையில் வந்த கோடுகள் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா அதிர்வும் கூடியது என்று சொல்ல முடியாது, சிலது குறைந்தது. ஆனால் எங்கள் பிளாக் மாதிரி ஒரு கட்டடம் எந்த அதிர்வுக்கு இயல்பாகவே ஆடுமோ, சரியாக அந்த இடத்தில் கோடு மேலே எழும்பியது. மண்ணில் குத்திய கருவிகளும் அதையேதான் சொல்லின. அதைவிட மோசம், இப்படி ஊறிப்போன தளர்ந்த மணல் தினமும் ஆட்டப்பட்டால் மெல்ல மெல்ல இறுகிக் கீழே இறங்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் மேலே சுவர் பிளக்கும். ரயில் வருவதற்கு முன்பே, வெறும் லாரிக்கும் மழைக்குமே, சாலை ஓரத்து மூலை இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றது கணக்கு. அந்த மூலையில் மேல்மாடியில்தான் அம்மா படுத்திருந்தாள்.

சாப்பாடு இறங்கவில்லை. விடுதியில் பக்கத்து அறைப் பெண் நாற்காலியை இழுத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது, கண்ணாடிகள். வாரா வாரம் எங்கள் அலுவலக ஆள் ஒருவர் போய் ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துப் படம் எடுத்து வந்தார். ஒன்றுகூட உடையவில்லை.

மேலாளர் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் திரையைப் பார்த்தார். "இவ்வளவு மழைல ஒரு கண்ணாடி கூட உடையலையேம்மா. கட்டடம் அசையலைன்னுதானே அர்த்தம்? உங்க கணக்குல எங்கயோ தண்ணி அதிகமாயிடுச்சு. பாருங்க."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் கணக்கில் கை வைத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றைக்கு அவர் சொன்னது வயிற்றில் பால் வார்த்தது. என் கணக்கு தப்பு! மாதக்கணக்காகப் போட்டது மொத்தமும் தப்பு! விடுதிக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்த வாரம் மாதிரி நான் நிம்மதியாக இருந்த வாரம் வேறு இல்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனேன். நனைந்த துப்பட்டாவைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டும்போது விரல் கண்ணாடித் துண்டின் ஓரத்தில் உரசியது. சுரீரென்றது, ரத்தம் வந்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியையே பார்த்தேன். நாங்கள் ஒட்டும் கண்ணாடியின் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் ஒட்டுவோம். குழந்தைகள் இருக்கும் வீடு, யார் கையும் கிழிக்கக் கூடாது. இது கிழித்தது.

"இன்னாமா இது?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னாது இன்னா?"

"இது நாங்க ஒட்டுன கண்ணாடி இல்ல."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். மீன் நேற்றையது என்றால் நேற்றையது என்றே சொல்லி விற்பவள். கொஞ்ச நேரம் கரண்டியால் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"அது ஒடைஞ்சிட்ச்சுடி. எல்லார் வூட்லயும்தான் ஒடைஞ்சுது. படத்துக்கு கண்ணாடி போடற கடைல துண்டு துண்டா வெட்டி வாங்கியாந்து வெச்சிகினு கீறோம். ஒடைய ஒடைய, வெள்ளை சிமெண்ட் போட்டு ஒட்டிக்கினே வரோம். இன்னா பண்ண சொல்ற? ஒடைஞ்சுதுன்னா தொரத்திடுவானுங்க."

"எத்தினி தடவ மாத்துன?"

"நான் இன்னா எண்ணிகினா இருந்தேன்?"

உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த அறையில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு பொருளும், பரண், கொடி, அப்பாவின் படம், எல்லாம் ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருப்பது போல இருந்தது. என் கணக்கு சரி. சரியாக இருந்துவிடக் கூடாது என்று எந்தச் சாமியையெல்லாம் வேண்டினேனோ, அவ்வளவு சாமியும் கைவிட்டுவிட்டது. கீழே ஒரு லாரி போனது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். பாதிப் படியில் அவள் கையை உதறிக்கொண்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? அடுப்புல குழம்பு கீது!"

சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு அக்கா வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சிட்ச்சா? சரி. ஆபீஸ்ல வாயத் தொறக்காத," என்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கிலியாக இருந்தது. "உன் பரிச்சைக்கு மாசம் பூரா இந்த பிளாக்கே டிவிய அமத்தி வெச்சிகினு இருந்துச்சு. நாடகம் பாக்காம, மேட்ச் பாக்காம. இதுக்குத்தானா?"

அவள் சொன்னது சத்தியம். சின்னப் பிள்ளைகள் கத்தினால்கூட "அக்கா படிக்குது" என்று வாயைப் பொத்திய பிளாக் அது. நான் வாயைத் திறந்தால் அத்தனை பேருக்கும் வீடு போகும். திறக்காவிட்டால் என்ன போகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து தண்ணீரைக் கொஞ்சம் இறக்குவேன், ஏற்றுவேன், எண்களைப் பார்ப்பேன். ஒரு நாள் மேலாளர் என் மேசைக்கு வந்து, "எங்க தப்புன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார். "பாத்துகிட்டிருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி ஞாயிறு வந்தது. காலையிலிருந்து விடாத மழை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நடந்து பிளாக் வாசல் வரை போனேன். முதல் படியில் கால் வைக்க வேண்டும். வைக்க முடியவில்லை. ஓடி விளையாடிய படிக்கட்டு. எந்தப் படி உடைந்திருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். ஆனாலும் கால் வரவில்லை. அந்தச் சுவர்களுக்குக் கீழே மண் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் காரணம். அம்மா உள்ளே இருக்கிறாள், நான் வெளியே குடைக்குள் நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

ரோட்டில் நின்றபடியே "யம்மா!" என்று கத்தினேன்.

அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேல வாடி, இன்னாத்துக்கு மழைல நிக்கற?"

"நீ கீழ வாயேன்."

"எனுக்கு முட்டி வலி. நீ வா."

நான் நகரவில்லை. மேல்மாடிக்காரர்கள் காய் வாங்கக் கயிற்றில் பை கட்டி இறக்குவது எங்கள் பிளாக்கில் வழக்கம். அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பை கயிற்றில் ஆடிக்கொண்டே கீழே வந்தது. உள்ளே ஒரு டப்பாவில் சோறும் வறுத்த சங்கரா மீனும். நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. பெற்ற மகள் சொந்த வீட்டுப் படி ஏறப் பயந்து நடுரோட்டில் நிற்பதை, அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள். எதிர்ப்பக்க டீக்கடை ஓரத்தில் நின்று, அழுதுகொண்டே அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அந்த வாரம் கண்ணாடி பார்க்கப் போன எங்கள் ஆள் ஈரச் சட்டையோடு மேலாளர் அறைக்கு நேராகப் போனார், என்னையும் கூப்பிட்டார்கள். கேமராவில் ஒரே ஒரு படம். எங்கள் வீட்டுச் சுவர், நடுவில் இரண்டாக உடைந்த கண்ணாடி. அதன் ஒரு பாதி கீழ்நோக்கி விலகியிருந்தது.

"அந்தம்மாவே கூப்பிட்டு காட்டினாங்க சார்," என்றார். "இது ஒடைஞ்சிதான் கீது, இதுக்கு முன்ன ஒடைஞ்சதெல்லாம் நான்தான் மாத்திக்கினு இருந்தேன், எழுதிக்கோன்னாங்க. மத்த வீட்டைப் பத்திக் கேட்டா, அது எனக்குத் தெரியாதுன்னுட்டாங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். கணக்கில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேறு ஆட்கள் வந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டினார்கள், ஓரத்தில் தோண்டினார்கள். பொங்கல் முடிந்ததும், குடியிருக்கத் தகுதியற்றது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாமான்களை ஏற்றிய அன்று கீழ் வீட்டு அக்கா அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. லாரியில் ஏறி உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா தன் மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். தென்கோடியில் கொடுத்த வீட்டில் அந்தக் கூடைக்கு வேலை இல்லை. ஏலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடும்.

சுரங்க ரயிலுக்கு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பிளாக் பக்கம் ரயிலே வராது. பிளாக்கும் விழவில்லை. பூட்டிப் போட்டபடி நிற்கிறது, சுவரில் அரசமரம் முளைத்து. இடிக்கவும் யாரும் வரவில்லை. எங்கள் ஜனங்கள் என்னைப் பார்த்தால் "வுழலியே, நின்னுகினுதான கீது?" என்பார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காசிமேட்டுப் பக்கம் போய்வருகிற யாரையாவது நிறுத்தி, "பழைய பிளாக் இருக்கா?" என்று கேட்பேன். இருக்கிறது என்றால் மனசு விட்டுப்போகும். ஒரு கட்டடம் விழ வேண்டும் என்று மழைக்கு மழை காத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தபோது, அதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அம்மா மட்டும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு நாள் சாயங்காலம், தெருவில் வந்த வண்டியில் வாங்கிய மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐஸில் கிடந்து கண் வெளுத்த மீன். முன்பு என்றால் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நெஜமாவே அது வுழுந்திருக்குமாடி?"

என் கணக்கு ஒரு நாளும் விழும் என்று சொன்னதில்லை. விழலாம் என்றுதான் சொன்னது. எந்த மழையில், எந்த லாரிக்கு, எத்தனை வருஷத்தில் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. விழாமலே நின்றாலும் நிற்கலாம் என்றும் அதற்குள் இருந்தது. இதையெல்லாம் என் மேலாளருக்குச் சொல்லலாம். தன் வாயால் தன் வீட்டைக் கொடுத்தவளுக்கு எப்படிச் சொல்வது?

"வுழுந்திருக்கும்மா," என்றேன்.

அவள் கை நின்றது. "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.